உன் காருக்கும் குடிக்கக் கொடுத்தார்கள், மச்சான்

என் உயிரை வாங்கிவிட்டுப் போன அன்பு மச்சான் செபஸ்தியானுக்கு,

முதலில் நீ கத்துவதை நிறுத்து. "என் வண்டி பானெட்டைத் தொறக்க நீ யாருடா?" என்றுதானே கேட்கிறாய்? நான் யாரா? உன் பெண்சாதிக்கு அண்ணன். நீ அந்தக் காரை மலையில் விரட்டிய காலமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "வலது வளைவு, மெதுவா, மெதுவாடா பாவி" என்று தொண்டை வற்றக் கத்தியவன். ஒரு தடவையாவது மெதுவாகப் போனாயா? இப்போது மண்ணுக்கடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்கிறாய்.

பானெட்டைத் திறந்தது நானில்லை, உன் மகன் விக்டர். திறந்து என்ன செய்தான் என்று ஒரேயடியாகச் சொன்னால் நீ எழுந்து வந்துவிடுவாய். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்குச் சர்ச்சுப் பங்கு மலரில் போட, இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று சாமியார் கேட்டார். மற்றவர்கள் "நீ போனதிலிருந்து வீடே இருண்டுவிட்டது" என்று எழுதுவார்கள். அந்தப் பொய் எனக்கு வராது. நீ போனதிலிருந்து வீட்டில் பிராந்தி நாற்றம் போயிற்று. அதுதான் உண்மை. என் தங்கச்சி லூர்து ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, திரைச்சீலையைத் துவைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்த நாற்றத்தைத் துரத்தினாள். இந்தத் தசராவுக்கு முன்னால் அது திரும்பி வந்தது. உன் காரின் புகைக்குழாய் வழியாக.

நடந்தது இதுதான். விக்டர் மலையேற்றக் கார் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறான். உன் கார்தான். அதே பச்சை, அதே இரட்டைக் கார்பரேட்டர். வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு புது வண்டிகளோடு மோத முடியாதாம். சர்க்கரை ஆலையில் வடிக்கிற ஸ்பிரிட்டைப் பெட்ரோலோடு கலந்தால் இன்ஜின் பேய் மாதிரி இழுக்குமாம். பந்தய கிளப்புக்கு மண்டியா பக்கத்திலிருந்து பர்மிட்டில் ஸ்பிரிட் வருகிறது. ஆனால் சும்மா ஊற்றினால் வண்டி ஓடாது. ரப்பர் குழாயை ஸ்பிரிட் தின்றுவிடும். அதற்கென்று ஒரு 'கிட்' வாங்கி மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் பெட்ரோலிலும் ஓடும், ஸ்பிரிட்டிலும் ஓடும், இரண்டையும் கலந்து கொடுத்தாலும் ஓடும்.

அதாவது உன்னை மாதிரி. எதை ஊற்றினாலும் வேண்டாம் என்று சொல்லாது.

கிட் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "நீ அப்பாகூட ஓடினவன், உனக்குத் தெரியும் மாமா" என்றான். எனக்கு என்ன தெரியும்? வளைவு தெரியும், உன் கெட்ட வார்த்தைகள் தெரியும். வேறொன்றும் தெரியாது.

முதலில் பெங்களூரிலிருந்து ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். வெல்வெட் துணியில் வைத்த வெள்ளிப் பெட்டி ஒன்றைக் காட்டினான். நாலு வயர், ஒரு நீல விளக்கு. தங்கச் சங்கிலி காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினான்.

"யூனிவர்சல் சார். எல்லா வண்டிக்கும் செட் ஆகும்."

"மாட்டு வண்டிக்கு?" என்றேன்.

"மாமா, சும்மனிரு" என்று விக்டர் கன்னடமும் தமிழும் கலந்து என்னை அதட்டினான். இப்போதெல்லாம் உன் மகனுக்குக் கோபம் கன்னடத்தில்தான் வருகிறது.

டைக்காரப் பையன் காரின் முன்னால் நின்று எட்டிப் பார்த்தான். குனிந்து பார்த்தான். பிறகு கேட்டான், "இன்ஜெக்டர் எங்க சார் இருக்கு?"

"இது கார்பரேட்டர் வண்டி. இன்ஜெக்டரே கெடையாது."

"அப்ப இந்த விளக்கு மட்டும் எரியும் சார்."

சீ! அதையும் சிரிக்காமல் சொன்னான் மச்சான். விளக்கு எரிவதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வெல்வெட். நாங்கள் கிளம்பும்போது அந்த விளக்கைத் தனியாகத் தரவா என்று வேறு கேட்டான்.

அடுத்தது தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால். ஒருவன் டிக்கியில் சமையல் சிலிண்டரைப் படுக்க வைத்து, அதிலிருந்து குழாய் போட்டு வண்டி ஓட்டுகிறான். ஸ்பிரிட் எதற்கு, கேஸ் மாட்டிக்கொள்ளுங்கள் என்றான். பழைய டியூபை வெட்டிச் சிலிண்டரைக் கட்டியிருந்தான். பக்கத்திலேயே நின்று பீடி பற்றவைத்தான். நான் விக்டரை விட்டுவிட்டு நேராகப் பூக்கடை வரைக்கும் நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் லூர்து, "அப்ப நான் எதுல சமைக்கிறது? பந்தயத்துக்குப் போற எடத்துக்கு அரிசி எடுத்துக்கிட்டு நானும் வரவா?" என்று கேட்டாள். அப்போது சிரித்தாள். ஸ்பிரிட் என்கிற வார்த்தையை நாங்கள் இன்னும் அவள் காதில் போட்டிருக்கவில்லை.

கடைசியில் லேத் பட்டறை ரங்கப்பாவிடம் போய் நின்றோம். உனக்குத் தெரிந்தவர்தான், காது மட்டும் மந்தமாகிவிட்டது. அவர் கிட் ஒரு மைசூர்பாக் டப்பாவில் இருந்தது. எண்ணெய் கூடுதலாகப் பாய ஓட்டையைப் பெரிதாக்கிய ஜெட், பித்தளை மிதவை, ஸ்பிரிட் தின்னாத குழாய், கேஸ்கெட். எண்ணெய்ப் பிசுக்கோடு நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்.

"இது ஓடும் சுவாமி. ஆனா வாசனை வரும், ஜாஸ்தி வரும். வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

விக்டர் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வீட்டு வாசலிலேயே வைத்து மாட்டினார்கள். விக்டர் ஸ்பிரிட் கலந்து ஊற்றி ஸ்டார்ட் செய்தான். அடேயப்பா, சத்தம் நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் புகை. இனிப்பும் புளிப்புமாக, நீ வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது வருமே, அதே நாற்றம். வாயில் எச்சில் ஊறி, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

லூர்து கையில் மாவோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. காரை மட்டும் பார்த்தாள்.

"இதென்ன நாத்தம்?"

"ஸ்பிரிட்மா. குடிக்கிறதுக்கு இல்ல, வண்டிக்கு."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு. குடிக்கிறதுக்கு இல்ல, சளிக்குன்னு."

"அம்மா, ஒரு பந்தயம். ஒண்ணே ஒண்ணு."

"அதையும் அவரு சொல்லியிருக்காரு. ஒண்ணே ஒண்ணுன்னு."

பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, இந்த நாத்தம் இந்த வீட்டுக்குள்ள இருந்தா நான் இருக்க மாட்டேன். எங்கயாவது போய்ப் பாத்திரம் கழுவிப் பொழச்சுக்கிறேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

பந்தயமா, அம்மாவா என்று விக்டர் அன்றே முடிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. காரைத் தெருமுனையில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்றான். நீயும் ஒரு காலத்தில் தெருமுனையில் நின்று குடித்துவிட்டு வந்தவன்தானே.

இப்போது ஒரு பழைய விஷயம். உன் பாட்டிலில் கடைக்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று நீ அவன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அவன் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தான். நீ நம்பவில்லை. பாவம், அவன் ஒரு சொட்டும் கலக்கவில்லை. கலந்தது உன் பெண்சாதி. சர்ச்சிலிருந்து தீர்த்தம் கொண்டு வந்து, நீ குளிக்கப் போகும்போதெல்லாம் உன் பாட்டிலில் ஊற்றினாள். மந்திரித்த தண்ணீர் உள்ளே போனால் குடி தானாக நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்காக ஊற்றினாள். தெருவில் உன்னைவிட அதிகமாகத் தீர்த்தம் குடித்தவன் கிடையாது. சாமியார்கூட அவ்வளவு குடித்திருக்க மாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. நீ பழக்கிய பழக்கம்தானே, நம் வீட்டிலும் காருக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதற்கு மேலே சர்ச்சுத் தீர்த்தமும் தெளித்தோம். லூர்து அவளாகவே வந்தாள். தெருமுனைக்கே வந்து பொட்டு வைத்தாள். "கோபம் போயிடுச்சு மாமா" என்று விக்டர் என் காதில் சொன்னான். பூசணிக்காய் உடைக்க நாங்கள் நடுத்தெருவுக்குப் போனோம்.

மறுநாள் சாமுண்டி மலையில் ஒத்திகை. நான் பழைய சீட்டில் உட்கார்ந்தேன். முதல் வளைவில் வண்டி பறந்தது. இரண்டாவதில் என் பல்செட் கழன்றது. அதற்குமேல் வண்டி இரண்டு தடவை இருமி, ஒரு விக்கல் விட்டு, நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். மேலே கோயிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ரங்கப்பா வந்து டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது.

"தண்ணி சுவாமி. தண்ணி சேர்ந்தா ஸ்பிரிட் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட கீழ போயிடும். வண்டி அதைத்தான் உறிஞ்சிருக்கு."

விக்டர் நேராகக் கிளப்புக்குப் போனான். ஸ்பிரிட் அளந்து கொடுக்கிற ஆளின் சட்டையைப் பிடித்தான். "தண்ணி கலந்து குடுக்கிறியா? யாரை ஏமாத்துறே?" என்று அதே குரல், அதே ஆள்காட்டி விரல். அந்த ஆள் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தான். ஸ்பிரிட் நாற்றம்கூடப் பரவாயில்லை மச்சான். அந்த இடத்தில் உன்னை மறுபடி பார்த்ததுதான் தாங்கவில்லை. உன் மகன் ஒரு சொட்டும் குடிக்காதவன். ஆனாலும் உன்னை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். லூர்து கேட்டுவிட்டு மகனிடம் போனாள்.

"அந்த ஆளை எதுக்குத் திட்டினே? தண்ணி ஊத்தினது நான்தான்."

"நீயா? எப்ப?"

"பூஜை அன்னிக்கு. நீங்க பூசணிக்காய் ஒடைக்கப் போனப்ப. ஒரு பாட்டில் தீர்த்தம், முழுசா ஊத்தினேன்."

"ஏம்மா? வண்டி கெட்டுப்போயிருந்தா?"

"உங்கப்பாவுக்கு எவ்வளவு ஊத்தினேன்! அவரு நிக்கல." காரைக் கையால் காட்டினாள். "இது ஒரு பாட்டில்ல நின்னுடுச்சு பாத்தியா?"

விக்டர் எழுந்து வெளியே போனான். என்னால் அன்றைக்குக் கேலி செய்ய முடியவில்லை. எனக்கே அதிசயம். சற்று நேரம் கழித்து வெளியே ஸ்பேனர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஜெட்டையும் மிதவையையும் கழற்றி, துடைத்து, மைசூர்பாக் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. "பெட்ரோல்லயே ஓட்டறேன் மாமா. கடைசியா வந்தா வர்றேன்" என்றான். காலையில் அந்த ஸ்பிரிட் ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டான். பார், அது உனக்கு வராத வேலை. அந்தப் பையனிடம் நீ இல்லாத ஒரு இடமும் இருக்கிறது.

ஆகவே பந்தயத்தில் நாங்கள் வெறும் பெட்ரோலில் ஏறுகிறோம். நான்தான் வளைவு சொல்கிறேன், அவன் கேட்கிறான். கார் இப்போது வாசலுக்குத் திரும்பிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் இருக்கிறவரை அந்த நாற்றம் அந்த வாசலைத் தாண்டாது. மனுஷன் வாயிலிருந்து வந்தாலும் சரி, வண்டியிலிருந்து வந்தாலும் சரி.

ஆனால் நேற்று லூர்து என்னிடம் ஒன்று கேட்டாள். பதில் தெரியாமல் உன்னிடம் வந்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் நீ கடைக்காரனோடு சண்டைக்குப் போகவேயில்லை. பாட்டிலில் பாதிக்குப் பாதி தீர்த்தம் என்கிறாள். நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு நல்ல சரக்கு" என்றாயாம். நாக்கு செத்துப்போயிருந்ததா? இல்லை, அவள்தான் ஊற்றுகிறாள் என்று தெரிந்து குடித்தாயா? தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அவள் இத்தனை வருஷம்...

எங்கே எழுந்திருக்கிறாய்? இந்தப் பேச்சு வந்தாலே "வண்டி சூடா இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவாயே, அதே மாதிரிதானே? சாவியைத் தேடாதே, அது விக்டரிடம் இருக்கிறது. வண்டி சூடாக இல்லை மச்சான், தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இரு. உனக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.

உன் பெண்சாதியின் அண்ணன்,
உன் பக்கத்து சீட்டு மச்சான்,
சூசை