சந்தனத்துக்குள் இருந்த இலக்கம்

துன், சுவிற்சர்லாந்து,
புதன்கிழமை பின்னேரம்

அன்பு மகள் யாதவிக்கு,

நீயும் மருமகனும் மெல்பேர்ண் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே என் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். இன்றைக்கு அதைச் சொல்லிப் புலம்ப மாட்டேன் பிள்ளை, நாங்கள் வென்றுவிட்டோம்! அப்பாவின் கோல்ஃப் வண்டிக்கு அவுஸ்வைஸ் என்ற பதிவுக் கடதாசி கிடைத்து, இலக்கத் தகடும் பூட்டியாகிவிட்டது.

உனக்கு முழுக்கதையும் தெரியாது. ஒப்பரேஷனுக்குப் பிறகு பஸ் தரிப்பிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த ஏற்றத்தில் என்னால் ஏற முடியவில்லை, பத்தொன்பது வருடம் படிப்பித்த வகுப்பை விட வேண்டி வருமே என்று அழுதேன். அப்பாவோ கார் லைசென்ஸ் சோதனையில் மூன்று தடவையும் பெயில், மெதுவாக ஓடும் வண்டிக்குரியது மட்டும்தான் வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, அவர் புல் வெட்டப் போகும் கோல்ஃப் மைதானத்தில் பழைய வண்டிகளைக் கழித்தார்கள். முதலாளி கையைக் குலுக்கி, இவ்வளவு காலம் நீ ஓட்டியதை நீயே கொண்டு போ என்று கொடுத்துவிட்டார், ஒரு துண்டுக் கடதாசி இல்லை. தெருவில் ஓடுவதென்றால் பதிவு வேண்டுமே. முதலாளியிடம் கடிதம் வாங்கி, லைட், கண்ணாடி, ஹோர்ன் எல்லாம் பூட்டிக்கொண்டு போனால், வண்டியின் தொடர் இலக்கம் இல்லாமல் முடியாது என்று வாகனப் பதிவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அப்பா மூன்று சனிக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார், கிடைக்கவில்லை.

போன மாதம் துடைக்கப் போன நான்தான் கண்டேன். ஆசனத்துக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ரொட்டி மாதிரித் தடித்துக் கிடந்தது. வேலையிடத்தில் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, பதினொரு வருடம், இந்த மனிதர் ஒரே இடத்தில் அப்பியிருக்கிறார்! கேட்டால், அதிலை ஒரு தகடு நெத்தி மாதிரி இருந்தது, அதுதான் வைச்சனான் என்றார். சுடுதண்ணீர் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், இலக்கம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பதை விடவில்லை. நேற்றுக் கந்தோரில் இருந்த பெண் அவுஸ்வைஸை நீட்டியதும், இந்த நாட்டிலை இருக்க எங்களுக்கு அவுஸ்வைஸ் கிடைக்க ஒன்பது வருசம், இதுக்கு நாலு மாசம் என்று அப்பா அவளிடம் தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்று வகுப்புக்கு வண்டியிலேயே போனேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தும் அப்பா அசையவில்லை, பிள்ளைகள் எல்லாரும் யன்னலில் நின்று கை தட்டினார்கள். இறங்கிய பிறகுதான் அந்தக் கடதாசியை வடிவாக வாசித்தேன். வீடு, டெலிபோன், இன்சூரன்ஸ் என்று முப்பத்திரண்டு வருடமாக எல்லாம் அப்பாவின் பெயரில்தானே, இதில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது யாதவி. ஏனப்பா என்று கேட்டேன். நீதானே கண்டுபிடிச்சனி, பிறகு வேறை ஆரின்ரை பேரிலை எடுக்கிறது என்றார். சொல்லிவிட்டு வண்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மார்கழியில் வரும்போது பெரிய பெட்டி கொண்டு வராதே, எங்கள் வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

உன் அம்மா,
கஜலக்சுமி நித்தியானந்தன்
(வண்டி உரிமையாளர்)