முழு மதிப்பெண்ணும் அப்பாவின் தோளும்

செப்டம்பர் 2, செவ்வாய்

மறுவாழ்வு மருத்துவ வகுப்பு தொடங்கியாச்சு. எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் மண்டையில் ஏறும் என்று எங்களையே வைத்து ஆராய்ச்சி பண்ணுகிறார் ஜானகிராமன் சார். சீட்டு குலுக்கி வகுப்பை ரெண்டாகப் பிரித்தார். என் தோழி சுடர்விழிக்கு வார்டு, நோயாளிகள். எனக்கு ஏ.சி. அறை, ஸ்லைடு. வீட்டில் பக்கவாதத்தில் அப்பா கிடக்கிறார், நான் படம் பார்க்கணுமாம். வார்டுக்கு மாற்றச் சொல்லி சாரைக் கேட்டேன். "நீ மாறினா ஸ்டடி கெட்டுடும்மா." அப்பா கெட்டால் பரவாயில்லையா?

செப்டம்பர் 8, திங்கள்

ஸ்லைடு. தூக்கம். எரிச்சல்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுத்துத் தேர்வு. செயலிழந்த கையைப் பிடித்து நோயாளியைத் தூக்கலாமா என்று ஒரு கேள்வி. கூடவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும் என்று எழுதினேன். முழு மதிப்பெண். சார் கைதட்டச் சொன்னார்.

சாயங்காலம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அப்பா சரிந்தார். பதறிப்போய் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன் — அந்தக் கைதான். அலறிட்டார். பக்கத்து வீட்டு கன்னியம்மாள் அக்கா ஓடிவந்து, "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணாம்"னு முணுமுணுத்தாங்க. அவங்க மேல கோபம் இல்ல. தெரிஞ்சுதானே எழுதினேன்? என் கைக்கு ஏன் தெரியல?

செப்டம்பர் 14, ஞாயிறு

கிட்டப் போனாலே அப்பா தோளைப் பொத்திக்கிறார். "நீ வாணாம். அம்மாவ வரச்சொல்லு." குளறித்தான் சொன்னார். நல்லாவே புரிஞ்சுது.

செப்டம்பர் 18, வியாழன்

ரெண்டு பிரிவுக்கும் சராசரி ஒன்றுதானாம். இப்படியே போனால் அடுத்த வருஷம் வார்டு வகுப்பைக் குறைத்துவிடலாமாம். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுந்தேன்.

"எழுதத்தான் வச்சீங்க சார். ஒருத்தரையாவது தூக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"உக்காரு அபி. ஸ்லைடு போதும்ங்கறதுக்கு உன் மார்க்கே சாட்சி."

பத்திக்கிட்டு வருது. என்னையா சாட்சிக்கு இழுக்கறீங்க? எங்கப்பா தோளைப் பார்த்தீங்களா நீங்க?

செப்டம்பர் 19, வெள்ளி

சுடர்விழியோடு வார்டுக்குள் நுழைந்துவிட்டேன். சார் பார்த்துட்டார். "உன்னை ஸ்டடியிலேர்ந்து எடுத்துடுவேன்." எடுத்துக்கோங்க சார். பிசியோதெரபி அக்கா எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டித் திட்டித் திருத்தினாங்க. சுடர்விழி நோயாளியாக நடித்தாள். ரெண்டு தடவை கீழே போட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆராய்ச்சியிலிருந்து என் பேரை அடித்துவிட்டார்கள். தினமும் வார்டுக்குப் போறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாங்க. அப்பாவுக்கு பாத்ரூம் போகணும். அம்மா வரட்டும் என்று அடக்கிப் பார்த்தார். அப்புறம் "அபி"ன்னார்.

வார்டில் கற்ற மாதிரி, பிடித்துத் தூக்க அவர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டினேன். என் முட்டியால் அவர் முட்டிக்கு முட்டுக் கொடுத்தேன். எழுந்தார். போய் வந்தோம்.

உட்கார வைக்கும்போது, "மெதுவாடி, என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தார். அம்மாவைத்தான் அப்படித் திட்டுவார்.