உங்கள் எழுத்து, என் கை

அந்தப் படத்தை இன்று மத்தியானம் டி.வி.யில் போட்டார்கள். நான் சின்னவள் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து படத்தில் வரும் அந்தக் குமாஸ்தாவின் குரல் கேட்டதும் பழைய பயம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சிரிப்புப் படத்தின் சத்தம் கேட்டு நடுங்குகிறவள் இந்த அயோத்தியாப்பட்டணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசில் இன்னொரு கிளார்க் நின்றுபோன பிறகு, இரண்டு ஆள் வேலையை நீங்கள் ஒருவரே இழுத்துக்கொண்டிருந்தீர்கள். எந்த வண்டி, என்ன லோடு, எந்த ஊர் என்று பகலெல்லாம் சீட்டில் கிறுக்கி, பிறகு அதை ரிஜிஸ்டரில் அழகாக ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து உங்கள் வலது கை ஆட ஆரம்பித்தது. நரம்பு என்றார் டாக்டர். ஆபீசில் நாலு பேர் எதிரில் கிளாஸைத் தூக்க முடியாமல், "வயிறு எரியுதுங்க, டீ வேண்டாமுங்க" என்று சொல்லி டீயையே விட்டீர்கள். டீ இல்லாமல் அரை மணி இருக்கமாட்டாத மனுஷன்!

ரிஜிஸ்டர் துணிப்பையில் வீட்டுக்கு வந்தது. காலையில், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன், நீங்கள் சீட்டைப் படிக்க நான் எழுதுவேன். உங்கள் பழைய எழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் பழகினேன். வலது பக்கம் சாய்ந்த எழுத்து, ஏழுக்கு மட்டும் தலை பெருத்திருக்கும். "கை ஆடறது தெரிஞ்சா அனுப்பிருவாங்க புள்ள" என்பீர்கள். அந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? பெரியவள் பத்தாவது, சின்னவள் இரண்டாவது. உங்கள் ஒரு சம்பளத்தில்தான் நான்கு பேரும் நின்றோம். நான் எழுதுவது வெளியே தெரியக்கூடாது என்று பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அந்தப் படத்துக்குப் போகலாம் என்று அடம்பிடித்தது நான்தான். வீட்டில் யாரும் சிரித்தே நாளாயிற்று என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம், பின் வரிசையில் உங்கள் மேனேஜர் பாய் குடும்பத்தோடு. நீங்கள் எழுந்து வணக்கம் வைத்தீர்கள். படம் ஓடியது. அந்தக் குமாஸ்தா வேலை தாங்காமல் ரிஜிஸ்டரை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டான். பெண்டாட்டி ஒரு பக்கம் எழுத, மாமியார் ஒரு பக்கம் எழுத, குழந்தை ஓரத்தில் பூனை வரைந்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்போது சின்னவள் ஸீட்டில் ஏறி நின்று கத்தினாள்: "அப்பா! நம்ம ஊட்ல அம்மா எழுதற மாதிரியே!"

உங்கள் கை மடியில் துள்ளியது. நான் என் இடது கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இடைவேளையில் பாய் முட்டை போண்டா பொட்டலத்தோடு வந்தார். சின்னவள் கன்னத்தைத் தட்டி, "படம் நல்லா இருக்குதா கண்ணு?" என்றார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் காதில் விழுந்ததா, இல்லையா? இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ரிஜிஸ்டரை எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொண்டீர்கள். "பாய் காதுல உழுந்திருக்கும். இனி நானே எழுதறேன் புள்ள." மூன்று நாள் எழுதினீர்கள். இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டீர்களே? கோழி கிளறிய மாதிரி இருந்தது. வியாழக்கிழமை ஒரு பண்ணைக்காரர் வந்து தன் முட்டை லோடு எந்த வண்டியில் போயிற்று என்று கேட்க, ஆபீசில் ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. பாய் உங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அன்று நீங்கள் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றீர்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என்னங்க சொன்னாரு?"

துணிப்பையை நீட்டினீர்கள். உள்ளே ரிஜிஸ்டர். "'மூணு நாளா எழுத்து சரியில்லீங்களே, ஊட்ல தங்கச்சியவே பழையபடி எழுதச் சொல்லுங்க'ன்னாரு புள்ள."

அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே வந்து, "டீ போடு" என்றீர்கள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு குடித்தீர்கள்.

உங்களுக்கு அன்றோடு பயம் விட்டது. எனக்கு விடவில்லை. பாய் மாறிப்போய்ப் புது ஆள் வந்துவிட்டால்? நீங்கள் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு காலையும் அந்தப் பயத்தோடுதான் பேனாவை எடுத்தேன். "பயந்து பயந்து எழுதித்தான் உன் எழுத்து என்னுதைவிட நல்லா இருக்குது" என்று கேலி செய்வீர்கள்.

இன்று என் சீட்டை வாங்கிப் பார்த்த சின்னவள், "அப்பா எழுதின மாதிரியே இருக்குதும்மா" என்றாள். எனக்கென்று ஓர் எழுத்து இருந்ததே மறந்துபோயிற்று. கொஞ்சம் கழித்து, "ஏம்மா, கடைசி வரி மட்டும் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?" என்றாள். "கண்ணாடி சரியில்ல சாமி" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வயிறு எரிகிறது என்று சொன்னீர்களே, அந்த மாதிரி.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பத்து நாளாக என் வலது கை ஆடுகிறது. வயதா, நரம்பா, தெரியவில்லை. டாக்டரிடம் போகப் பயம். அதைவிட, உங்கள் எழுத்து இந்தக் கையோடு போய்விடுமே என்ற பயம். எழுதும்போது இடது கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்கிறேன், அன்று தியேட்டரில் உங்கள் கைமேல் வைத்த மாதிரி. இந்த மடலையும் அப்படித்தான் எழுதி முடித்தேன்.