மலைத்தண்ணீரும் பச்சைப் பாசியும்

சனி, ஜூலை 5

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. பள்ளி லீவு. அத்தாவின் ஏலக்காய்க் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியைச் சுத்தம் செய்தேன். பழைய டூத் பிரஷ் இரண்டு. பாறைமேல் இருந்த பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு டம்ளர் நிறைய. தலைமுடி மாதிரி நீளம், வழுவழுப்பு. மூன்று நாள் முன்பும் இதே ஒரு டம்ளர்.

பவளம் நான்கில் இரண்டு மூடியே கிடக்கின்றன. கோமாளி மீன்கள் நலம்.

சரக்கு வாங்க வந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னண்ணே, மாட்டுக்குப் புல்லு வளக்குறீகளா?" கடையே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அவர் போன பிறகு சிரிக்கவில்லை.

"இந்த மாசம் முடியுற வரைக்கும் பாப்பேன். தேனில ஒருத்தரு கேட்டுக்கிட்டிருக்காரு. தூக்கிக் குடுத்துருவேன்."

ஏழாம் வகுப்பிலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் தொட்டி. கொடுக்க விடமாட்டேன்.

செவ்வாய், ஜூலை 8

காற்று. செய்தவை:

விளக்கு பத்து மணி நேரத்திலிருந்து ஏழு.
தீனி பாதி. மீன்கள் கண்ணாடிக்கு வந்து என்னையே பார்க்கின்றன. பாவம்.
மறுபடி பிரஷ்.

பலன்: ஒன்றுமில்லை. தேய்த்த இடத்தில் மறுபடி பச்சை.

கணக்கு வகுப்பில் மிஸ் கேட்ட கேள்விக்கு "பாசி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து பெஞ்சு தமீமா இன்னும் சிரிக்கிறாள்.

வெள்ளி, ஜூலை 11

பள்ளி நூலகத்தில் குளங்களைப் பற்றி ஒரு புத்தகம். வயலில் போட்ட உரம் மழையோடு ஓடிவந்து சேர்ந்தால் குளம் பச்சையாகிவிடுமாம். சரி, கடைக்குள் வயல் ஏது?

திரும்பி நடக்கும்போது, கடைக்குச் சரக்கு இறக்கும் செல்வம் அண்ணன் ஜீப்பு, மலையோரக் குரங்கணியிலிருந்து லோடு. மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் தண்ணீர்க் கேன் இரண்டு. ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. குறைந்த அளவுக்கு "நல்ல தண்ணீர் ஊற்றவும்" என்று தொட்டியோடு வந்த தாளில் இருந்தது. போடிக்காரர்களுக்கு நல்ல தண்ணி என்றால் மலைத்தண்ணிதான். டீக்கு அது, விருந்தாளிக்கு அது. தொட்டிக்கும் அதையே ஊற்றினோம். பெருமையாக வேறு.

ஆனால் செல்வம் அண்ணன் கேன் பிடிக்கும் ஓடை ஏலத்தோட்டம் வழியாகத்தான் இறங்குகிறது. தோட்டத்தில் உரம் வைத்து மழையும் பிடித்தாயிற்று. தண்ணீர் ஆவியாகும். உரம் தொட்டியிலேயே தங்கும், நாளுக்கு நாள் சேரும்.

இத்தனை நாளும் என் கையாலேயே பாசிக்குச் சோறு ஊற்றியிருக்கிறேன்.

சனி, ஜூலை 12

பாஸ்பேட் பார்க்கும் சோதனை மருந்து, பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. மூன்று குப்பி. நீலம் எவ்வளவோ அவ்வளவு உரச்சத்து.

தொ.த. (தொட்டி): இளநீலம். மீதியைப் பாசி தின்றாயிற்று.
ம.த. (மலை): நல்ல நீலம்!
வீ.த. (வீட்டு ஆர்.ஓ. மெஷின்): நிறமே இல்லை.

அத்தா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேன் இறக்க வந்த செல்வம் அண்ணனுக்குத்தான் முகம் மாறிவிட்டது.

"எங்க தண்ணியவா குத்தஞ் சொல்ற, பாப்பா? ஊரே அடிச்சுப் பிடிச்சு வாங்குது."

மனிதருக்கு இந்த அளவு ஒன்றும் செய்யாது, பாசிக்குத்தான் விருந்து என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அப்ப இம்புட்டு நாளும் பாசிக்கு லோடு அடிச்சது நாந்தானா?"

அத்தா சிரித்துவிட்டார். ஆனாலும், மாசக் கடைசி மாசக் கடைசிதான் என்றார்.

ஞாயிறு, ஜூலை 20

வெயில், அதிசயம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கரைத்து, தொட்டியில் கால்பங்கு மாற்றினேன். இது இரண்டாவது தடவை. குடிக்க வைத்ததை எல்லாம் நான் பிடித்துக்கொள்வதாக அம்மா அத்தாவிடம் முறையீடு.

மதுரைக்குப் போன அத்தா பாசி தின்னும் நத்தை ஐந்து வாங்கி வந்திருக்கிறார்! நான் கேட்கவே இல்லை. பாறையில் நத்தை போன தடம் மட்டும் சுத்தமாக, கோடு கோடாக.

பிடுங்கியது: அரை டம்ளர்.

சனி, ஜூலை 26

பிடுங்கியது: இரண்டு கரண்டி. இரண்டே கரண்டி.

மூன்றாவது பவளம் திறந்துவிட்டது. நான்காவது இன்னும் யோசிக்கிறது.

வியாழன், ஜூலை 31

மாசக் கடைசி. பள்ளி விட்டதும் ஓடினேன். கடை வாசலில் மீன் கொண்டுபோகப் பெரிய டப்பா இரண்டு. தேனிக்காரர் வந்துவிட்டார்.

பாறை ஊதா நிறத்தில் இருந்தது. ஊதா என்று இப்போதுதான் தெரிகிறது. பவளம் நான்கும் விரிந்திருந்தன. தேனிக்காரர் கண்ணாடியை ஒட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். பாசி என்றார்களே, எவ்வளவு அருமையாக இருக்கிறது, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நானே சுத்தம் செய்து நானே பறிகொடுக்கிறேனா?

அத்தா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் குடுக்குறேன்னு சொன்னது பாசி பிடிச்ச தொட்டிய. அது இப்ப எங்கிட்ட இல்லையே."

தேனிக்காரர் அத்தாவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் தன் தொட்டியும் பச்சைதான், என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? அந்தா நிக்கிது பாருங்க, அதுகிட்டக் கேளுங்க."

நாற்காலியை எடுத்துப் போட்டேன். முதலில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது கேள்விக்கே பேனாவை எடுத்துவிட்டார்.