வாய்தா கேட்கப் பழகியவள்

ஜூன் 9, 2025
இன்றும் பாண்டிக்கு டிக்கெட் எடுத்துக் கிளியனூரில் இறங்கினேன். "ஏம்மா, பாண்டி இன்னும் வரலியே?" என்றார் கண்டக்டர். தெரியும் என்று தலையாட்டினேன். சொந்த ஊர்ப் பெயரில் 'கி' தொண்டையில் சிக்குகிற திக்குவாய்க்கு வக்கீல் கோட்டு ஒரு கேடு! திண்டிவனம் கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அரங்கநாதன் சாருக்கு மனு எழுதித் தருகிறேன், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். நீதிபதி முன் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 10
வாதாட வேண்டும் என்று நினைத்தாலே கோர்ட் பக்கம் போகப் பிடிக்கவில்லை. சரி, வாதாட வேண்டாம். நாளைக்குக் கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் மட்டும். அதற்கு மேல் யோசிக்கக் கூடாது துர்கா, சொல்லிவிட்டேன்.

ஜூன் 11
கி-கி-கிளியனூர். பின்னால் ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும் போ.

ஜூன் 20
டீக்கடையில் வாய்விட்டுக் கேட்டாகிவிட்டது. மெசேஜ் அனுப்பாமல் போனில் பேசியும் பார்த்தாகிவிட்டது. அடுத்து கோர்ட் கிளார்க். "யார்கிட்டடி எந்நேரமும் பேசிக்கினு கீற?" என்கிறாள் அம்மா. கண்ணாடியோடு என்றேன். "அதுக்கும் வேற வேல இல்ல!"

ஜூலை 2
நீதிபதி முன் ஒரே ஒரு வாக்கியம்! சாரின் கேஸ் ஒன்றில், "வாய்தா வேணுங்க அய்யா" என்றேன். வேறு தேதி கொடுத்தார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்தேன்? வெளியே வந்து தனியாகச் சிரித்தேன்.

ஜூலை 14
வாய்தா கேட்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அந்த வார்த்தை மட்டும் திக்குவதே இல்லை.

ஆனால் இன்று சித்ரா அழுதாள். அடிக்கிற புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வந்து ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டவள், மல்லாட்டை மண்டியில் கடலை உடைக்கும் கூலிக்குப் போகிறாள். வியாழக்கிழமை அவள் கேஸ். அன்றைக்கு சாருக்கு விழுப்புரத்தில் வேறு கேஸ். "நீயே போய் வாய்தா வாங்கிடும்மா" என்று சொல்லிவிட்டார். சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு வாய்தான்னா நா அவங்கிட்டயே திரும்பிப் போறதுதான் மேடம். வாடகைக்கு எங்க போவேன்?"

"நான் பேசட்டுமா சார்?" — கேட்டே விட்டேன். சார் என்னையே பார்த்தார். "முடியலன்னா வாய்தா கேட்டுடு."

ஜூலை 17
இதை எழுதி முடித்துவிட்டுத்தான் இன்று சாப்பாடு.

கேஸைக் கூப்பிட்டார்கள். 'இடைக்கால' வரைக்கும் வந்துவிட்டேன், 'ஜீவனாம்சம்' வரவில்லை. ஜீ... ஜீ... எதிர்த்தரப்பு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது பாழாய்ப்போன அந்த 'வாய்தா'! பழகிப் பழகி வழவழவென்று ஆக்கி வைத்திருக்கிறேனே. சொன்னால் நான் தப்பித்தேன். சித்ரா அவனிடம் போவாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "அவசரமில்ல, சொல்லுங்க" என்றார் நீதிபதி. முழு வாதத்தையும் நினைக்கவில்லை. அடுத்த வரி மட்டும். அது முடிந்ததும் அதற்கடுத்த வரி. அவன் அடித்தது, அவன் வருமானம், குழந்தைக்குப் பால் — திக்கித் திக்கித்தான் சொன்னேன், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. மாதாமாதம் அவன் பணம் கட்ட வேண்டும். அப்பாடா! சித்ரா அழுதாள், நானும் அழுதேன், குழந்தை எங்களைப் பார்த்து மிரண்டது.

ஆகஸ்ட் 20
புருஷன்காரன் உத்தரவை எதிர்த்து விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய்விட்டான். நாளைக்கு விசாரணை. மேல் கோர்ட் என்பதால் தானே பேசுவதாக சார் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று கேஸ் கட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சாரின் ஆபீஸில் உட்கார்ந்திருந்த சித்ரா எழுந்து நின்றாள். "கோச்சிக்காதீங்க சார், மேடமே பேசட்டும். நீங்க பேசறப்பல்லாம் அந்த ஜட்ஜ் அய்யா குனிஞ்சி எழுதிக்கினே இருந்தாரு. மேடம் பேசறப்ப பேனாவ கீழ வச்சிட்டு கேட்டாரு."

எனக்கு அது தெரியவே தெரியாது. அன்றைக்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் தாடையைத் தடவினார். கேஸ் கட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு டீ சொல்லப் போனார்.

நாளைக்கு விழுப்புரம். பயமாகத்தான் இருக்கிறது. தூக்கமும் வருகிறது.