சங்கமத்தில் நான் கரைத்த பானை

என் பிரியமான வசந்தா அக்கா,

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. பூனாத் தமிழர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா எழுதுங்கோ. நவராத்திரில பாடுவாளே, அதெல்லாம் எழுதுங்கோ" என்றார் மலரைக் கவனிக்கிறவர். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். உனக்கு நல்லதாக. எனக்கு அல்ல.

முதலில் உன் இரங்கல் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ படித்த கல்லூரியிலேயே வைத்தார்கள். உன் பழைய துறைத் தலைவர் வந்திருந்தார். "புத்திசாலிப் பெண். திமிங்கலத்தின் காதைப் பற்றி இவ்வளவு பாடுபட்டு ஆராய்ந்த மாணவி எனக்கு வேறு யாரும் இல்லை. ஆனால் பொறுப்பு போதாது. ஆறு வருஷம் சேர்த்த எலும்புகளை பஸ்ஸில் தொலைத்துவிட்டாள்" என்று இங்கிலீஷில் சொல்லித் தலையை ஆட்டினார். கூட்டமும் ஆட்டியது. முன் வரிசையில் உட்கார்ந்து நானும் ஆட்டினேன், அக்கா. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. பூனாவை ஒட்டிய கிர்க்கியில் குவார்ட்டர்ஸ். கடலே கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு திமிங்கலம் படிக்கிறாளாம் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ரத்னகிரிப் பக்கம் எங்காவது ஒன்று கரை ஒதுங்கினால் மீன்காரர்கள் உனக்கு மராத்தியில் கார்டு போடுவார்கள். நீ ரம்பத்தையும் கத்தியையும் ஜோல்னாவில் போட்டுக்கொண்டு எஸ்.டி. பஸ் ஏறுவாய். மூன்றாம் நாள் நாற்றத்தோடு திரும்புவாய். அம்மா கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு வாளித் தண்ணீரோடு நிற்பாள்.

அப்படிச் சேர்ந்தவை ஒன்பது காதெலும்புகள். எலுமிச்சை அளவிலிருந்து கைமுட்டி அளவு வரை, ஒவ்வொன்றும் கல்லாய்க் கனத்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவற்றை ஸ்பூன் காம்பால் தட்டுவாய். பீங்கான் போலக் கிண்ணென்று கேட்கும். தலையைச் சாய்த்துக்கொண்டு, "இது அஞ்சு கட்டை. இது அஞ்சரை" என்பாய். ஒரு தடவை என்னிடம் கேட்டாய், "இவ்வளவு நல்ல காது எதுக்குடா அதுக்கு? கேக்கறதுக்கு அங்க ஏதாவது இருக்கணுமோல்லியோ?"

போன வாரம் பேப்பரில் வந்திருந்தது. வெளிநாட்டில் யாரோ கடலுக்குள் கருவி இறக்கித் திமிங்கலங்கள் பாடுவதைக் கேட்டிருக்கிறார்களாம். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஆய்வுக்கூடத்தில் வாடை அடிக்கிறது, வீட்டுக்கு எடுத்துப் போ என்று உன்னை விரட்டியதே அந்தத் துறைத் தலைவர்தான். அதைக் கூட்டத்தில் அவர் சொல்லவில்லை. வீட்டுக்குள் எலும்பு வரக்கூடாது என்றாள் அம்மா. ஒன்பதையும் மண்பானையில் போட்டு, அப்பாவின் பழைய வேஷ்டியைக் கிழித்து வாயைக் கட்டி, நாய்க்கும் காக்கைக்கும் பயந்து கொல்லைக் கொய்யாமரத்தில் தொங்கவிட்டாய்.

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா போனார். மயானத்தில் எலும்பு பொறுக்கி, சாம்பலோடு பானையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். அஸ்தியும் வீட்டுக்குள் வரக்கூடாது. தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா வந்துசேரும் வரைக்கும் அதையும் அதே மரத்தில்தான் கட்டினோம். அதே வேஷ்டியின் இன்னொரு கிழிசலால்.

சித்தப்பா வந்த மறுநாள் காலையில் மரத்திலிருந்து பானையை அவிழ்த்தவன் நான். எது எது என்று நின்று பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்று சொல்லலாம்; அது பொய். ஊர் திரும்ப மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார், கைக்கு எட்டியதை எடுத்தேன். டோங்கா வண்டியில் மடியில் வைத்தபோதே கனம் தெரிந்தது. அப்பா கனமான மனுஷர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊரின் இரண்டு ஆறுகளும் கூடும் சங்கமத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பானையைத் தோளுக்கு மாற்றினேன். உள்ளே கிண்ணென்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா, அக்கா?

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தப்பா கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு மணி பார்த்தார். அப்பாவின் அஸ்திப் பானையைக் கூடச் சரியாகப் பார்த்து எடுக்கத் தெரியாத பிள்ளை என்று பேர் வந்துவிடுமே என்று பயந்தேன். பானையை விட்டேன். புதுத் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறினேன்.

மறுநாள் நீ மிச்சமிருந்த பானையை இறக்கி அவிழ்த்தாய். நான் கிணற்றடியில் நின்றேன். ரொம்ப நேரம் உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினாய்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"தண்ணில விடறப்போ."

"விட்டப்பறமா, முன்னாடியா?"

நான் வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டேன். நீ என்னை அடித்திருக்கலாம். "அம்மாகிட்ட மூச்சு விடாதே. தாங்கமாட்டா" என்றாய், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ரத்னகிரியில் வேலை இருக்கிறது என்று அந்தப் பானையை ஜோல்னாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். தீட்டுக்காலத்தில் என்னடி ஊர்சுற்றல் என்று அம்மா கத்தினாள். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னாய், "அப்பாவக் கடல்ல இறக்கிவிட்டுட்டு வந்துட்டேன்டா." நீ சிரிக்க முயற்சி செய்தாய் என்று நினைக்கிறேன்.

அளந்த எலும்புகளைக் கல்லூரியில் ஒப்படைக்காமல் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்றார்கள். ஆற்றில் தேட ஆள் விட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். பஸ்ஸில் தொலைத்தேன் என்று எழுதிக் கொடுத்தாய். அதன் பிறகு பெண்கள் பள்ளியில் கரப்பான்பூச்சிப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தாய். கூப்பிட்டால் நவராத்திரிக்குப் பாடினாய். வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டாய். எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, அப்பாவைத் தன் கையால் கரையேற்றிய பிள்ளை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரு பானையக் கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவ" என்பாள். நேற்றுக்கூடச் சொன்னாள். நீ செத்த பிறகும்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் என்ன? நீ மஞ்சள் காமாலையில் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் தனியாகத்தானே இருந்தோம். அப்போதாவது கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒன்றும் கேட்காமல் போய், எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டாய்.

துறைத் தலைவருக்கு உண்மையைச் சொல்லிக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அது சுலபமாக இருந்தது. அம்மாவிடம் சொல்வதுதான் மிச்சம். மலர் அச்சாக இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. வேறு யாராவது அவளுக்குப் படித்துக் காட்டும் முன்னால் நானே சொல்கிறேன். அப்பா எங்கே என்று கேட்பாள். ரத்னகிரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று அவள் சொன்னால் அதற்கும் சரி. இனி இந்த வீட்டில் யாரும் உன்னைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்ல விடமாட்டேன். இது சத்தியம். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும், ஆனாலும் செய்கிறேன்.

நீ காப்பாற்றிய, உன்னைக் காப்பாற்றாத,
உன் தம்பி
ரகு