எலுமிச்சை, எட்டு சதவீதம்

மார்ச் 4

வேலை போனவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அச்சகம் மூடியதிலிருந்து மச்சினன் வாரம் தவறாமல் தொலைபேசியில் உபதேசம் செய்கிறான். இன்றைய பாடம்: “கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும் மாமா.” அவன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவன் மனசு இவ்வளவு சுத்தம் போலிருக்கிறது.

என் கை சும்மா இல்லை. சமையலறை மேடை முழுக்க மெழுகு. சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் மணமெழுகுவர்த்தி ஊற்றுகிறேன். பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். நிபந்தனை சின்னதுதான்: ஏற்றாமல் வைத்தாலும் மணக்கணும், ஏற்றினால் அறை நிறையணும், யாருக்கும் தலைவலி வரக்கூடாது. மனிதர்களிடம்கூட இத்தனை நற்குணத்தை ஒருசேர நான் பார்த்ததில்லை.

மார்ச் 9

இன்று முதல் சோதனை. ஒரே மெழுகு, ஒரே திரி. எலுமிச்சை எண்ணெய் மட்டும் நான்கு, ஆறு, எட்டு சதவீதம். சின்ன அறையில் ஒவ்வொன்றாக ஏற்றி, கதவைச் சாத்தி, பிறகு வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்து ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நான் போட முடியாது. நாள் முழுக்க எண்ணெயோடு கிடந்து என் மூக்கு மரத்துவிட்டது.

அதனால் என்ன? வீட்டில் இன்னொரு மூக்கு இருக்கிறது, அதுவும் பட்டை தீட்டிய மூக்கு. என் மனைவி பேக்கரியில் அடுப்புப் பொறுப்பு. ரொட்டி வெந்ததா இல்லையா என்று அடுப்பைத் திறக்காமலே மோந்து சொல்லிவிடுவாள்.

நான்கு சதவீதம்: “நல்லா இருக்குங்க.” ஐந்துக்கு நான்கு.
ஆறு: “நல்லா இருக்குங்க.” நான்கு.
எட்டு: அதே வாசகம், அதே நான்கு.

இவள் என் தும்மலில் குறை கண்டவள். தும்மலில் என்ன குறை இருக்க முடியும்? இருக்கிறதாம். சத்தம் முதலில் வருகிறது, தும்மல் அப்புறம் வருகிறதாம். அப்படிப்பட்டவள் மூன்றுக்கும் நல்லா இருக்கு என்கிறாள் என்றால் மழைதான் கொட்டப்போகிறது.

மார்ச் 10

மழை இல்லை.

மார்ச் 16

ஒரு தில்லுமுல்லு செய்தேன். எண்ணெயே சேர்க்காத வெறும் மெழுகை ஏற்றிவைத்து, கதவைச் சாத்தி, அவளை அழைத்தேன். உள்ளே போனாள், கண்ணை மூடி மூச்சிழுத்தாள். “இதுதான் எல்லாத்தையும்விட தூக்கலா இருக்கு” என்றாள். ஐந்துக்கு நாலரை!

வெறும் மெழுகு என்று சொன்னதும் முகம் செத்துவிட்டது. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன் என்றாள். ஆகா. வேலையில்லாதவனுக்குப் பொம்மை கொடுத்து உட்கார வைத்து, நல்லா விளையாடுறேடா கண்ணு என்று தட்டிக்கொடுக்கிறார்கள். அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டுதான் செய்கிறார்களா? கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. கதவு அறைந்த வேகத்தில் ஒரு டப்பா கீழே விழுந்தது. கதவை அறைந்தது நான்தான்.

மார்ச் 18

சாப்பாடு மேசையில் இருக்கிறது. பேச்சு இல்லை. உப்பும் இல்லை.

மார்ச் 19



திரி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மாடிப்படியிலேயே மூக்கில் ஏறியது — கேஸ். என் மரத்துப்போன மூக்குக்கே ஏறியது. கதவைத் திறந்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கிறது, குமிழ் திறந்தபடியே இருக்கிறது. பக்கத்து மேசையில் இவள். எதிரே ஆறு சதவீத டப்பா. ஒரு கையில் தீப்பெட்டி, ஒரு கையில் குச்சி. என்னைச் சமாதானப்படுத்த, தானாகவே சோதனை செய்து உண்மையான மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெட்டியைப் பிடுங்கிய வேகத்தில் அவள் விரல் நகம் பெயர்ந்துவிட்டது. அடுப்பை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து, அவளை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். கேஸ் நாறுதே, தெரியலையா உனக்கு என்று கத்தினேன்.

“நாறுதா?” என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

படியில் உட்கார்ந்து சொன்னாள். மழைக்காலத்தில் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு எதுவுமே மணக்கவில்லை. சோப்பு, ரொட்டி, மழை, என் சட்டை, எதுவுமே. பேக்கரியில் கண்ணாடி வழியாக நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பேற்றுகிறாள். இன்றைக்காவது ஏதாவது மணக்கிறதா என்று பார்க்கத்தான் தீப்பெட்டியை எடுத்தாளாம்.

“ஏன்டி சொல்லல?”

“உங்க வேலையும் போச்சு. என் மூக்கும் போச்சுன்னா இந்த வீடு எதுல நிக்கும்?”

நான் பெரிய மண நிபுணன். தசமப் புள்ளி வரைக்கும் எண்ணெயை நிறுத்துப் பார்ப்பவன். ஒரே வீட்டுக்குள், இத்தனை மாதமாக — எனக்குத் தெரியல. தெரியவே இல்ல.

மார்ச் 23

மூக்கு மருத்துவர். “வரலாம், வராமலும் போகலாம்.” இந்தப் பதிலைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் படித்திருக்கிறார். நான்கு மணங்களைத் தினமும் காலையும் மாலையும் மோந்து, அது முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மணத்துக்கா நம் வீட்டில் பஞ்சம்?

மார்ச் 27

எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ். கண்ணை மூடிக்கொள், இது எலுமிச்சை என்றேன். “தெரியும், பாட்டில்ல எழுதியிருக்கே” என்றாள்.

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

ஏதாவது கருகித் தொலைவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, மூக்கு போன விஷயத்தைப் பேக்கரி முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். முதலாளி நல்லவர். நல்லவர்கள் வேலையை விட்டு நீக்குவதில்லை, வேறு இடத்தில் நிற்க வைப்பார்கள். இவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். இவளை! சிரிப்புக்கு இவ்வளவு தட்டுப்பாடான கடை இந்த ஊரிலேயே இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படி உடுப்பைத் துவைத்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

ஏப்ரல் 20

கடைக்கார அம்மாவே மோந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஆறு சதவீதம் போதும், எட்டு மண்டையைப் பிளக்கிறது. ஆறில் ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். எட்டிலும் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொண்டேன். மண்டை பிளந்தாலும் பரவாயில்லை என்கிற ஆள் வீட்டில் இருக்கிறது.

மே 11

ஒன்றுமில்லை. நான்கு பாட்டிலை மோந்தும் இன்றும் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்துச் சிரித்ததாக ஒப்புக்கொண்டாள். தவறுதலாம்.

ஜூன் 7

சாயங்காலம் எட்டு சதவீதத்தை ஏற்றிவைத்துவிட்டுத் திரி வெட்டும் கத்தரியைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“எங்கயோ டயர் எரியுது.”

ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் ஒன்றும் எரியவில்லை. அவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். மேசையருகே வந்து குனிந்தவள் சட்டென்று பின்வாங்கினாள்.

“இதாங்க. கருமம். இதையா எலுமிச்சைன்னு சொல்லி விக்கிறீங்க?”

மருத்துவருக்குத் தொலைபேசி செய்தேன். திரும்பி வரும்போது சிலருக்கு முதலில் இப்படித் தாறுமாறாகத்தான் வரும், நல்ல அறிகுறி என்றார். இந்த முறை ‘வராமலும் போகலாம்’ என்று சொல்லவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். அரை என்றாள். அதுவும் டப்பாவுக்காக.

அணைத்துவிடலாம் என்று குனிந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, என் கையைத் தட்டிவிட்டாள்.

“இருங்க. எரியட்டும்.”